முகவரியில் பிரின்ஸ்டன், கடனுக்கு எந்தக் கவுண்டி?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் பத்து வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. கையில் 60,000 டாலர் சேமிப்பு, கிரெடிட் ஸ்கோர் 650 பக்கம். பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு வீட்டுக்கு எஃப்.எச்.ஏ (அமெரிக்க அரசின் வீட்டுவசதி நிர்வாகம்) கடன் தருவதாக லெண்டர் (கடன் தரும் நிறுவனத்துக்காரர்) கடிதம் கொடுத்தார். அந்த வீடு கைநழுவிப் போனது. அதே 725,000 டாலர் விலையில் வெஸ்ட் வின்ட்சரில் இன்னொரு வீடு கிடைத்திருக்கிறது. இரண்டு முகவரியிலும் பிரின்ஸ்டன் என்றுதான் இருக்கிறது, பத்து நிமிடத் தூரம்கூட இல்லை. ஆனால் இதற்குக் கடன் வரம்பைத் தாண்டுகிறது என்கிறார் அதே லெண்டர். நான் இருப்பது எடிசன்தானே, அந்த வரம்பு எனக்குக் கிடைக்காதா? கோயம்புத்தூரில் இருக்கும் மச்சான் பணம் அனுப்புகிறேன் என்கிறார். அதை கிஃப்ட் என்று காட்டிவிடலாம் என்கிறார் ரியல்ட்டர் (வீட்டுத் தரகர்). எச்1பி விசாவில் இருந்தபோதே, 2023இல், எஃப்.எச்.ஏ-வில் வீடு வாங்கிய நண்பர் ஒருவர், வரம்பு என்று ஒன்றை யாரும் தன்னிடம் சொல்லவே இல்லை என்கிறார். அடுத்த வாரம் ஒப்பந்தத்தில் கையெழுத்து. என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் லெண்டர் சொன்னது சரி. கடன் வரம்புக்கு, நீங்கள் இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை எஃப்.எச்.ஏ பார்ப்பதே இல்லை. வாங்கப் போகும் வீடு எந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) எல்லைக்குள் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பிளெய்ன்ஸ்பரோ மிடில்செக்ஸ் கவுண்டி, வெஸ்ட் வின்ட்சர் மெர்சர் கவுண்டி. முகவரியில் உள்ள பிரின்ஸ்டன் தபால்காரருக்கான பெயர். 08540 என்ற அஞ்சல் குறியீட்டுக்குள் மட்டும் மூன்று கவுண்டிகளின் நிலம் வருகிறது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையமே பிரின்ஸ்டனில் இல்லை, வெஸ்ட் வின்ட்சரில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது சொத்து வரி பில். எந்த டவுன்ஷிப் என்பது அதில் இருக்கும். டவுன்ஷிப் தெரிந்தால் கவுண்டியும் தெரிந்துவிடும்.

ஒரு எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஏன் இத்தனை வித்தியாசம்? எஃப்.எச்.ஏ கடன் கொடுப்பதில்லை, லெண்டர் கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு தருகிறது. எவ்வளவு பெரிய கடன் வரை காப்பீடு என்பதை 2008ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒரு சூத்திரமாகவே எழுதிவிட்டது. அந்த வட்டாரத்தின் நடுநிலை வீட்டு விலையில் (பாதி வீடுகள் அதற்குக் கீழும் பாதி மேலும் இருக்கும் விலை) 115 சதவீதம் வரம்பு. அது எவ்வளவு குறைந்தாலும் தேசிய அடிப்படைக் கடன் வரம்பில் 65 சதவீதத்துக்குக் கீழே போகாது, எவ்வளவு கூடினாலும் 150 சதவீதத்துக்கு மேலே போகாது. 2026க்கு அந்த அடிப்படை வரம்பு 832,750 டாலர். ஆகவே தனி வீட்டுக்கு அடிமட்டம் 541,287, உச்சம் 1,249,125.

வட்டாரம் என்பதில்தான் சூட்சுமம். ஒரே பெருநகரப் பகுதியில் பல கவுண்டிகள் இருந்தால், விலை அதிகமான கவுண்டியின் கணக்கே எல்லாவற்றுக்கும் பொருந்தும். மிடில்செக்ஸ் நியூயார்க் பெருநகரப் பகுதியில் சேர்ந்தது. மன்ஹாட்டன் இருக்கும் அதே பட்டியல் என்பதால் எடிசனுக்கும் பிளெய்ன்ஸ்பரோவுக்கும் உச்ச வரம்பு கிடைக்கிறது. மெர்சரோ டிரென்டன்–பிரின்ஸ்டன் என்ற தனிப் பகுதி. தன் சொந்த விலையை வைத்துத்தான் அதற்கு வரம்பு. தெரு ஒன்றுதான், ஊரும் ஒன்றுபோலத்தான், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு வேறு வேறு நாடு மாதிரி. இதில் எனக்கும் நியாயம் தெரியவில்லை. ஆனால் இது லெண்டர் மனது வைத்து மாற்றக்கூடியது அல்ல.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: வரம்பு வீட்டின் விலைக்கு அல்ல, கடன் தொகைக்கு. விலை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், மிச்சத்தை நீங்கள் கையிலிருந்து போட்டால் போதும். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 725,000இல் 3.5 சதவீதம் 25,375. கடன் 699,625. மிடில்செக்ஸில் இது தாராளமாக உள்ளே வருகிறது. அதே வீடு அடிமட்ட வரம்பு உள்ள ஒரு கவுண்டியில் இருந்தால் 541,287 வரைதான் கடன். நீங்கள் போட வேண்டியது 183,713. உங்கள் 60,000 எங்கே, அது எங்கே. தொடக்கத்தில் கட்டும் 1.75 சதவீதக் காப்பீட்டுக் கட்டணத்தைக் கடனோடு சேர்க்கலாம், அது மட்டும் வரம்பில் கணக்காகாது. அதை வைத்து இந்தப் பள்ளத்தை அடைக்க முடியாது.

ஆனால் இதே வீட்டுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதை உங்கள் லெண்டர் சொல்லியிருக்க வேண்டும். ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் சாதாரணக் கடனுக்கு மெர்சரில் வரம்பு 832,750. எஃப்.எச்.ஏ-வின் அடிமட்டமே இதில் 65 சதவீதம்தான் என்பதைக் கவனித்தீர்களா? எஃப்.எச்.ஏ கதவை மூடும் வீட்டுக்கு இந்தக் கதவு பல சமயம் திறந்தே இருக்கும். 5 சதவீதம், அதாவது 36,250 போட்டால் கடன் 688,750. உங்கள் சேமிப்பில் குளோசிங் செலவுக்கும் (வீட்டைப் பெயருக்கு மாற்றி முடிக்கும்போது வரும் கட்டணங்கள்) கொஞ்சம் மிஞ்சும். 650 ஸ்கோருக்கு வட்டியும் தனியார் காப்பீட்டுக் கட்டணமும் கூடுதலாகத்தான் வரும். இருந்தாலும் அந்தக் காப்பீடு நிரந்தரம் இல்லை: கடன் பாக்கி வீட்டின் ஆரம்ப விலையில் 80 சதவீதத்துக்கு வந்ததும் நீக்கச் சொல்லிக் கேட்கலாம், 78 சதவீதத்தில், தவணை பாக்கி இல்லாதவரை, அவர்களே நீக்க வேண்டும். எஃப்.எச்.ஏ-வில் 10 சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டு வாங்கினால் ஆண்டுக் காப்பீடு கடன் முடியும்வரை கூடவே வரும். உங்கள் தொகைக்கு அது மாதம் சுமார் 320 டாலர். இரண்டுக்கும் லோன் எஸ்டிமேட் (வட்டி, கட்டணம், மாதத் தவணை எல்லாம் காட்டும் மதிப்பீட்டுத் தாள்) எழுத்தில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

நண்பர் விஷயம். அவர் வாங்கிய வீடு உச்ச வரம்புக் கவுண்டியில் இருந்திருக்கும், அதனால் வரம்பு என்ற பேச்சே வந்திருக்காது. 2025 மே 25 முதல் இன்னொன்றும் மாறிவிட்டது: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு எஃப்.எச்.ஏ கிடையாது. நீங்கள் கிரீன் கார்டுக்காரர், உங்களுக்குத் தடையில்லை. இன்னும் விசாவில் இருக்கும் நண்பர்களிடம் சொல்லிவையுங்கள், பழைய கதையை நம்பி முன்பணம் கட்டுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். நியூ ஜெர்சியில் ரியல்ட்டர் தயாரிக்கும் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் அட்டர்னி ரிவ்யூ என்று மூன்று வேலை நாள் உண்டு. இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி வியாழக்கிழமை கையில் கிடைத்தால் வெள்ளி, திங்கள், செவ்வாய். அதற்குள் உங்கள் வழக்கறிஞர் ஒப்பந்தத்தை நிராகரிக்கலாம், திருத்தமும் கேட்கலாம். மார்ட்கேஜ் கன்டின்ஜென்ஸி பத்தியில் (கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்ற நிபந்தனை) எந்த வகைக் கடன், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எஃப்.எச்.ஏ என்று எழுதிவிட்டு வரம்பால் கடன் மறுக்கப்பட்டால், முன்பணம் திரும்புமா என்பதே வழக்காகிவிடும். எஃப்.எச்.ஏ ஒப்பந்தத்தில் கட்டாயமாகச் சேர்க்கும் ஒரு ஷரத்து உங்களைக் காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். அது மதிப்பீட்டுத் தொகை விலையை விடக் குறைந்தால் மட்டும்தான் உதவும். கடன் வரம்புக்கு அதில் இடமில்லை.

கடைசியாக மச்சான் பணம். மச்சான் கொடுக்கும் கிஃப்டை எஃப்.எச்.ஏ ஏற்றுக்கொள்ளும், பிரச்சினை அதில் இல்லை. இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 250,000 டாலர் வரை அனுப்பலாம், 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் பிடிக்கும், அவர் வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு ஓராண்டில் 100,000 டாலருக்கு மேல் வந்தால் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்-க்கு 3520 படிவம். வரி இல்லை, தகவல் மட்டும். ஆனால் கிஃப்ட் கடிதத்தில் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒரு வரி இருக்கும். ‘காட்டிவிடலாம்’ என்று ரியல்ட்டர் சொன்னது அந்த வரியைத்தான். பணம் உண்மையில் கடன் என்றால், அந்தக் கையெழுத்து லெண்டரிடம் சொன்ன பொய். ஃபெடரல் சட்டத்தில் அதற்கு அதிகபட்சம் 30 வருடச் சிறை, 10 லட்சம் டாலர் அபராதம். கிரீன் கார்டு வாங்கிய மறு வருடத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். மச்சானிடம் இன்றைக்கே போன் போட்டு வெளிப்படையாகக் கேளுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் அதைக் கடன் என்றே லெண்டரிடம் சொல்லுங்கள். அவர் அதையும் உங்கள் மாதச் சுமையில் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.