பிடித்த படம் இப்போது கசக்கிறதே!

கேள்வி: பள்ளிக்கூட நாளிலிருந்தே பழைய படம் என்றால் எனக்கு உயிர். பிடித்த படங்களை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. சமீபத்தில் கல்லூரியில் படிக்கும் மகள் வயிற்றுப் பேத்தியை உட்கார வைத்து, நான் உருகி உருகிப் பார்த்த ஒரு படத்தைப் போட்டுக் காட்டினேன். திமிர் பிடித்த பணக்காரப் பெண்ணைக் கதாநாயகன் அறைந்து திருத்தும் கதை. அந்த இடம் வந்ததும், "இதுக்கா கைதட்டுனீங்க, அம்மாயி?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. இப்போது எனக்கே அந்தக் காட்சி கசக்கிறது. இனிமேல் பழைய படங்களைத் தொடாமல் இருந்து, மனதில் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளட்டுமா?
- ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: வேண்டாம் சகோதரி, பார்ப்பதை நிறுத்தாதீர்கள். உங்கள் பேத்தி கேட்டது நியாயமான கேள்வி. "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லி அவள் வாயை அடைக்கவும் வேண்டாம்.

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே படத்தை இன்னொரு தடவை போடுங்கள். இந்த முறை கதாநாயகன் அறைவதற்கு முன்னால் என்னென்ன வருகிறது என்று கவனியுங்கள். இந்த வகைக் கதைகளில் முதலில் அந்தப் பணக்காரப் பெண் வேலைக்காரரைத் திட்டுவாள். அப்புறம் மாமியாரை எடுத்தெறிந்து பேசுவாள். அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்று சொல்ல ஒரு காட்சிகூட இருக்காது. இப்படி அடுக்கிக்கொண்டே போனால், கொட்டகையில் இருப்பவர்கள் "ஒண்ணு வைடா" என்று தாங்களே காத்திருப்பார்கள். சின்ன வயதில் நீங்கள் கைதட்டியதும் அப்படித்தான். அதற்காக உங்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனையும் தெரிந்த பிறகும் கசந்தால், அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். பிடித்த படங்களில் ஒன்று குறைவதில் நஷ்டமில்லை.

ஆனால் ஒன்றுக்காக எல்லாவற்றையும் மூட்டை கட்டுவது பெரிய நஷ்டம். உங்கள் ஊர்ப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் சேலத்துப் படக் கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'. பத்து வயதில் அதைப் பார்ப்பவருக்கு எம்.ஜி.ஆரின் வாள்தான் படம். இருபது வயதில் 'வாராய் நீ வாராய்'. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியதை வானொலியில் கேட்டால் இதமான காதல் பாட்டு. கதை தெரிந்து மறுபடி பார்க்கும்போதுதான் நெஞ்சு திக்கென்கிறது. போகும் இடம் தூரமில்லை என்று கொஞ்சிக் கொஞ்சி அழைக்கும் கணவன், அவளை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லத்தான் கூட்டிப்போகிறான். மெட்டு எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவு பயமாக இருக்கும். ஜி.ராமநாதனின் அந்த இசையின் அருமை முதல் தடவையில் பிடிபடாது என்பது என் அபிப்பிராயம்.

உச்சிக்குப் போனதும் அவள் என்ன செய்கிறாள்? சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம் வரவேண்டும் என்கிறாள். சுற்றி வருகிறவள் பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். கதாநாயகன் வந்து காப்பாற்றட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. குண்டலகேசிக் கதையிலிருந்து வந்த காட்சி அது. மாதுரிதேவி அந்த இடத்தில் நடிப்பதைப் பேத்தி பார்க்கட்டும். 1956-இல் அதே கம்பெனி எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் பானுமதி செய்யும் மார்ஜியானாவின் துணிச்சலுக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

உங்கள் வயதில் பார்க்கும்போது கண் வேறு ஆட்களிடம் போகும். 'மந்திரி குமாரி'யில் நம்பியார் செய்த ராஜகுருவைப் பாருங்கள். மகனுக்குப் பதவி வேண்டும் என்பதற்காக நாட்டையே பாழாக்கத் துணிகிற தகப்பன். சின்ன வயதில் வெறும் வில்லன். பிள்ளை வளர்த்து ஆளாக்கிய பிறகு பார்த்தால், இந்த மாதிரி ஓர் ஆளை நம் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறோமே என்று தோன்றும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியை ஏற்காடு சாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கி, நூறு படங்களுக்கு மேல் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. திரும்பும் வழியில் ஒரு தட்டுவடை செட் வாங்கிக்கொடுத்து, சாயங்காலம் 'மந்திரி குமாரி'யைப் போடுங்கள். "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பாட்டுகளை வெட்டிய பிரதியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அந்தப் பாட்டு போய்விட்டால் மலைக்காட்சியே விளங்காது. அதற்கடுத்த வாரம் எந்தப் படம் என்பதை அவளே சொல்லட்டும்.