காமிக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: புத்தகத்தில் சிலிர்க்க வைத்த காட்சியைக் கட்டம் பிசகாமல் எடுத்தாலும் திரைப்படத்தில் சப்பென்று இருக்கிறதே, ஏன்?

பதில்: காமிக்ஸில் காலத்தை அளப்பது கட்டத்தின் அளவு. 1966 பிப்ரவரி எனத் தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 33-ஆம் இதழைப் பாருங்கள். பிரம்மாண்ட இயந்திரத்தின் அடியில் நாயகன் நசுங்கிக் கிடக்கிறான். ஓவியர் ஸ்டீவ் டிட்கோ முதலில் அவனைச் சின்னச் சின்னக் கட்டங்களில் அடைக்கிறார். பிறகு கட்டங்கள் மெல்லப் பெரிதாகின்றன. இயந்திரத்தைத் தூக்கி எறியும் கணத்துக்கு ஒரு முழுப் பக்கம்! திரையின் அளவோ மாறாது. அதனால் ஷாட்டின் நீளம், மூச்சுச் சத்தம், கேமராவின் தூரம் ஆகியவற்றால்தான் அந்த இறுக்கத்தைக் கொண்டுவர முடியும். 2017-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: ஹோம்கமிங்' இதே காட்சியை எடுத்தபோது, பையனை முதலில் உதவி கேட்டுக் கதறவிட்டது. கட்டங்கள் செய்த வேலையை அங்கே நடிப்பு செய்தது.

இன்னொரு சிக்கல், வாசகர் பக்கத்தைப் புரட்டிப் பின்னால் போகலாம். 'வாட்ச்மென்' காமிக்ஸின் ஐந்தாம் இதழில் முதல் பக்கத்தின் அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடி பிம்பமாகத் திரும்பி வரும். எழுத்தாளர் அலன் மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் இதழ் முழுவதையும் இப்படியே கோத்திருப்பார்கள். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைச் சரிபார்க்க வழியே இல்லை. படத்தை அச்சு அசலாக நகலெடுத்தாலும் இது மட்டும் கைக்கு வராது.

கேள்வி: அப்படியானால் காமிக்ஸின் தோற்றத்தைத் திரைக்குக் கொண்டுவரவே முடியாதா?

பதில்: முடியும். 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2018) என்ற அனிமேஷன் படம் செய்து காட்டியது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும், பல இடங்களில் ஒரே தோரணையை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினார்கள். வேகத்தைக் காட்டப் படத்தை மங்கலாக்கவில்லை. எனவே ஒவ்வொரு அசைவும் தனித்தனிக் கட்டம்போல் கண்ணில் பதிகிறது. காட்டில் தாவும் காட்சியில் கத்துக்குட்டி ஸ்பைடர்மேனான மைல்ஸுக்கு நொடிக்கு 12 தோரணை, அனுபவசாலி ஸ்பைடர்மேனான பீட்டருக்கு 24. வித்தை கதையோடு சேர்ந்துகொண்டது. பலர் பழைய காமிக்ஸின் புள்ளி புள்ளியான அச்சுத் தோற்றத்தை மட்டும் காப்பியடித்துவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: நாயகன் உருவான கதையை எவ்வளவு சுருக்கலாம்?

பதில்: ஸ்பைடர்மேனின் முதல் கதை (1962) மொத்தமே 11 பக்கம். சிலந்தி கடிப்பது, திமிர், மாமாவின் மரணம், குற்ற உணர்வு எல்லாம் அதற்குள்.

கேள்வி: 22 பக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். 'இடம் பத்தலை' என்கிறார் ஓவியர். எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் ஒரே கட்டத்தில் பல செயல்களைத் திணித்திருப்பீர்கள். 'கதவைத் திறந்து, உள்ளே வந்து, துப்பாக்கியை எடுக்கிறான்' என்பது மூன்று கட்டம். ஓவியரால் ஒரு நொடியைத்தான் வரைய முடியும். பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம் போதும். சண்டையின் உச்சத்தில் மூன்றாகக் குறையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பலூனுக்கு (வசனம் எழுதும் குமிழுக்கு) 25 சொல் என்று கணக்குச் சொல்வார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, 15-ஐத் தாண்டினால் பலூன் முகத்தை மறைக்கும். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டும். அதிர்ச்சியை, தாளைப் புரட்டியதும் வரும் இரட்டைப்படைப் பக்கத்தில் வையுங்கள். ஒற்றைப்படைப் பக்கத்தில் வைத்தால் எதிர்ப்பக்கத்தைப் படிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். ஓவியம் வந்ததும் வசனத்தை மறுபடி படியுங்கள். முகத்தில் கோபம் தெரிகிறதென்றால், 'எனக்குக் கோபம் வருகிறது' என்ற பலூனை அடித்துவிடலாம்.