இருந்தும் என்றொரு சொல்

மதிப்புக்குரிய ஐயா,

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். இவ்வருடப் பரிசளிப்பு விழாவுக்கான ஆண்டறிக்கையையும் மலரையும் தயாரிக்கும் பொறுப்பை அதிபர் என்னிடம் தந்திருக்கிறார். பின்தங்கிய பிரதேசத்தில் இருந்தும் எமது மாணவர்கள் பெரும் சாதனைகளைப் படைத்திருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சையில் இருவர் 9 பாடங்களிலும் ஏ சித்தி பெற்றார்கள். தமிழ்மொழித் தினப் போட்டியில் எமது கூத்துக் குழு மாகாண மட்டம் வரை சென்றது. பெண்கள் கபடி அணி வலய மட்டத்தில் முதலிடம் பெற்றது. மாரி வெள்ளத்தில் வீதி மூடுண்ட நாட்களில் ஊரவர்கள் தங்கள் தோணிகளில் பிள்ளைகளைப் பரீட்சை நிலையத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். அவர்களை நன்றியுரையில் குறிப்பிட எண்ணியுள்ளேன். அறிக்கையில் பரீட்சைப் பெறுபேறுகளை முதலில் வைப்பதா, இணைப்பாடவிதானச் செயற்பாடுகளை முதலில் வைப்பதா? எத்தனை பக்கங்கள் இருக்கலாம்? மலருக்கு ஓர் ஆசிச் செய்தியும் தருவீர்களா?

ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு

அன்புள்ள மகள்,

கடிதம் வந்த கிழமையில் நான் வேறொரு பாடசாலை விழாவில் பின்வரிசையில் அமர்ந்து பேச்சுக் கேட்டுவிட்டு வந்து, அங்கே மூன்று பேர் மாறி மாறிச் சொன்ன ஒரு சொல்லோடு மனத்துக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அதே சொல் உங்கள் கடிதத்தின் மூன்றாவது வாக்கியத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில். மற்றப்படி, எதை முதலில் வைப்பது என்பதை உங்கள் அதிபரே தீர்மானிப்பார். நீங்களும் நானும் மறித்து நிற்க முடியாது. பக்கங்களைப் பொறுத்தவரை, பிரதம அதிதி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் முடிந்துவிட்டால் நல்லது. ஆசிச் செய்தி தரமாட்டேன். மலரின் முன்பக்கங்களையெல்லாம் பெரிய மனிதர்களின் படங்களும் ஆசிகளும் தின்று தீர்த்துவிட, எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கவிதை இடமில்லாமல் நான்கு வரியாக வெட்டப்படுவதைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

சொல்லுக்கு வருகிறேன். “பின்தங்கிய பிரதேசத்தில் இருந்தும்” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தமிழ் கற்பிப்பவர். நன்னூல் உம்மைக்கு, அதாவது ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்கு, எட்டுப் பொருள் சொல்வதும், அவற்றுள் சிறப்பும்மை என்பது உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என்று இரண்டாகப் பிரிவதும் நான் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. இந்த ‘இருந்தும்’ என்பதை வேற்றுமைச் சொல்லுருபாகக் கொண்டாலும் சரி, வினையெச்சமாகக் கொண்டாலும் சரி, அதன் வாலில் ஒட்டியிருக்கும் உம்மை செய்கிற வேலை ஒன்றுதான். இப்படிப்பட்ட இடத்தில் இருந்து இப்படி ஒன்று வரும் என்று யார்தான் எதிர்பார்த்தார்கள் என வியக்கிறது. அந்த வியப்புக்குள் ஊரைப் பற்றிய ஒரு தீர்ப்பு இருக்கிறது. பிள்ளையைப் புகழும் அதே மூச்சில் பிள்ளையின் தாயையும் தகப்பனையும் வயலையும் வாவியையும் தடைகளாக்கி, அவற்றையெல்லாம் தாண்டிக் குதித்துத்தான் அந்தப் பிள்ளை ஒன்பது ஏ எடுத்தது என்று சொல்லிவிடுகிறோம். இதைச் சொல்வது கொழும்பில் இருந்து வந்த அதிகாரி என்றால் மன்னித்துவிடலாம். அந்த ஊரிலேயே சோறு தின்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இலக்கணம் படிப்பிக்கும் நீங்கள் எழுதலாமா?

விபுலாநந்த அடிகள் 1892இல் எங்கள் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவில் பிறந்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் ஆனார். ‘காரைதீவில் பிறந்தும் பேராசிரியர் ஆனார்’ என்று ஒரு வாக்கியத்தை எழுதி உரக்க வாசித்துப் பாருங்கள். வாய் கூசும். அப்படியானால் உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் கூசவில்லை?

‘பின்தங்கிய’ என்பது அரசாங்கம் தந்த சொல்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. அந்த இடங்களை எங்கள் பிள்ளைகள் தலை நிமிர்ந்து எடுக்க வேண்டும்; விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை முழுக்கக் கடத்திய பிள்ளைக்கு அது சலுகையே அல்ல. ஆனால் படிவத்தில் இருக்கவேண்டிய சொல் படிவத்தில் இருக்கட்டும். ஒலிவாங்கியில் ஏறி, முன்வரிசையில் கால் ஆட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதுக்குள் அது ஏன் போக வேண்டும்? எங்கள் முன்னோர் வாவியின் இரு கரைகளுக்கும் சூரியன் எழுவதையும் படுவதையும் வைத்துத்தான் பெயரிட்டார்கள். எழுவானிலும் படுவானிலும் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியில் எங்கள் பாடசாலையின் கூரை போனது. காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது சுவர்கள் நின்றன, கரும்பலகை நின்றது, மேலே வானம் இருந்தது. ஊரின் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருந்தன. அழுது முடித்த பிறகு பெண்கள் அந்த ஓலைகளைத்தான் வெட்டி எடுத்தார்கள். குளத்தில் ஊறப்போட்டு, மட்டையை நெடுக்காக இரண்டாகக் கிழித்து, வீட்டுக்கு இத்தனை என்று பங்கு பிரித்துக் கிடுகு பின்னினார்கள். எங்கள் வீட்டுக்கே கூரை இல்லாத மாதம் அது. அம்மாவின் வலது சுட்டுவிரலில் ஓலையின் ஓரம் அறுத்து அறுத்து ஒரு கோடு விழுந்திருந்தது. அதில் பழந்துணி சுற்றிக்கொண்டு பின்னுவாள். சமைக்கும்போது மட்டும் துணியை அவிழ்ப்பாள், மிளகாய்த்தூள் பட்டதும் ‘ஸ்’ என்று மூச்சை இழுப்பாள். ஆண்கள் காட்டுக் கம்பு தறித்துக் கொண்டுவந்து வரிச்சுக் கட்டினார்கள். தை மாதம் நாங்கள் புதுக் கிடுகின் ஈரவாடைக்குக் கீழே அடுத்த வகுப்பைத் தொடங்கினோம்.

அந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ‘சூறாவளி’ என்ற கட்டுரைக்காக எனக்கு முதற்பரிசு கிடைத்தது. பிரதம அதிதி எழுவான்கரையில் இருந்து வரவேண்டும். இன்றைக்கு மண்முனையில் பாலம் இருக்கிறது; அது 2014இல் திறக்கப்பட்டது. அன்றைக்குப் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதை மறுகரையில் நின்றுவிட்டதால் அவர் சுணங்கினார், நாங்கள் வெயிலில் மாலையோடு நின்றோம். வந்து ஏறியவர் முதல் வாக்கியத்திலேயே, இவ்வளவு பின்தங்கிய கிராமத்தில் இருந்தும் இப்படிக் கட்டுரை எழுதும் ஒரு மாணவன் உருவாகியிருக்கிறானே என்று வியந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவருடைய தலைக்கு மேலே இருந்த கிடுகைப் பின்னிய பெண்கள் மண்டபத்துக்கு வெளியே, சன்னல் பக்கம் நின்றார்கள். கதிரைகள் அலுவலர்களுக்குத்தான் போதுமாக இருந்தன.

வரம்பால் வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா கேட்டாள்: “பின்தங்கின எண்டா என்ன மனே?”

ஓட்டப்போட்டியில் கடைசியாக வருவது என்று சொன்னேன்.

“அப்ப நம்மளோட ஆரு ஓடினது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பரிசு பெற்ற அந்தக் கட்டுரையிலும் கிடுகு பின்னியது யார் என்று ஒரு வரி இருக்கவில்லை. ‘பெரியோர்களின் அயராத முயற்சியால் பாடசாலை மீண்டும் எழுந்தது’ என்று எழுதியிருந்தேன். அப்படித்தான் எழுதப் பழக்கியிருந்தார்கள், நானும் பழகியிருந்தேன். ஆகையால் உங்களை ஏசும்போது பாதியை எனக்கே வைத்துக்கொள்கிறேன்.

இனி அந்தத் தோணிகள். உங்கள் ஊரில் இரவு வலை போட்டு விடிய எடுக்கிறவர்கள்தானே அவர்கள்? பரீட்சை தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் நிலையத்தில் நிற்கவேண்டும் என்றால், வலை எடுக்கிற நேரத்தில் அவர்கள் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார்கள். வெள்ளம் வாவிக்குள் இறங்குகிற அந்த நாட்களின் இறாலை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இதை நீங்கள் நன்றியுரையில் வைக்கப் போகிறீர்கள். பிள்ளைகள் வாழைப்பழமும் குளிர்பானமும் எங்கே கொடுக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ஒலிவாங்கிக்காரர் வயரைச் சுருட்டத் தொடங்கியிருக்க, ‘மற்றும் உதவிய அனைத்து நல்லுள்ளங்களுக்கும்’ என்று போகுமே, அந்த நன்றியுரையில். அந்த இரண்டு ஒன்பது ஏயும் தோணியில் வந்தவை, மகள். பெறுபேறு இருக்கும் பந்தியிலேயே தோணியும் இருக்க வேண்டும். கூத்துக் குழுவும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கிய அண்ணாவியாரை உங்கள் வலயக் கல்வி அலுவலகமா நியமித்தது? அவரை ‘இணைப்பாடவிதானம்’ என்ற தலைப்புக்குள் அடைத்தால் அவருக்கே யாரைப் பற்றிய பேச்சென்று விளங்காது. கபடிப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் ஒரு வரியோடு விடுகிறேன்.

அறிக்கையை முழுக்கத் திருப்பி எழுதச் சொல்லவில்லை. அதற்கு உங்களுக்கு நேரம் இராது, தவணைப் பரீட்சைத் தாள்களும் திருத்தக் கிடக்கும். ‘பின்தங்கிய பிரதேசம்’ என்பதை வெட்டிவிட்டு உங்கள் ஊரின் பெயரை எழுதுங்கள். ‘இருந்தும்’ என்பதில் கடைசி மெய்யெழுத்தை மட்டும் அடித்துவிடுங்கள். ‘இருந்து’ என்றாகும். மிகுதி வாக்கியம் அப்படியே நிற்கும்.

ஆசிச் செய்திக்குப் பதிலாக, மலரின் அச்சுப்படியை அனுப்பினால் பிழை திருத்தித் தருகிறேன். தோணிக்காரர்களின் பெயர்களை மட்டும் அவர்களிடமே வாசித்துக் காட்டி, எழுத்து சரியா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவற்றை என்னால் திருத்த முடியாது.