சுவரில் தட்டிய அரிச்சுவடி

கேள்வி: 1942இல் திருகோணமலையில் ஜப்பான் குண்டு போட்டதைப் பற்றிப் படித்தேன். எதிரியிடம் பிடிபடும் போர் விமானிகள் வருடக்கணக்கில் தனியாகக் கிடந்தும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: ‘தனியாக’ என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். தனியறையில் பூட்டப்பட்டவர்கள்கூடத் தனியாக இருந்து பிழைக்கவில்லை.

நீங்கள் படித்த கதையிலேயே ஒருவர் இருக்கிறார். கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல். தென்னிலங்கைக் கொக்கலையிலிருந்து பறந்து, ஏப்ரல் 4இல் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியவர். அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். மறுநாள் கொழும்பிலும் 9ஆம் திகதி நம் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத்தளத்திலும் குண்டு விழுந்தது. ஜப்பானிய முகாம்களில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்த பேர்ச்சல், நோயாளிக் கைதிகளை அடித்த காவலர்களைத் தடுத்துத் தானே அடி வாங்கினார். நடந்ததையெல்லாம் ஒளித்து எழுதியும் வைத்தார்.

வியட்நாம் போரில் பிடிபட்டு ஹனோயின் ஹோவா லோ சிறையில் கிடந்த அமெரிக்க விமானிகளுக்குப் பேசவே தடை. 1965 முதல் சுவரில் தட்டிப் பேசினார்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்தில் ‘கே’யை விட்டுவிட்டு, ஐந்துக்கு ஐந்தாய் ஒரு கட்டம். முதலில் தட்டும் எண்ணிக்கை எத்தனையாவது வரிசை என்பது, அடுத்த எண்ணிக்கை அதில் எத்தனையாவது எழுத்து என்பது. சித்திரவதை தாங்காமல் வாய் திறந்துவிட்டு வெட்கத்தோடு திரும்பியவனுக்கும் பக்கத்துச் சுவர் ஆறுதல் சொன்னது.

தமிழில் ஆய்தத்தை மட்டும் விட்டால் போதும். உயிர் 12, மெய் 18, ஆக 30. ஆறாறாய் ஐந்து வரிசை. உயிர் இரண்டு வரிசையில் முடியும், மெய் மூன்றில். ‘247 எழுத்து பிள்ளைகளுக்குச் சுமை’ என்பவர்களோடு இந்தப் பக்கத்தில் எத்தனை வருடமாகச் சண்டை பிடிக்கிறேன்! முப்பதைத் தெரிந்தால், ஆய்தம் தவிர மிச்சமெல்லாம் கூட்டுத்தானே. ஆனால் நெடுங்கணக்கை வரிசையாகச் சொல்ல இன்று எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? ஏடு தொடக்கும் அன்று அரிசியில் ‘அ’ எழுதுவிப்பதோடு சரி. வரிசை தெரியாதவனுக்குச் சுவர் பேசாது.

உங்கள் கடிதம் வந்த அன்று பேத்திக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். ‘அம்மா’வுக்கு 21 தட்டு. ‘ழ்’ கடைசி வரிசையில் மூன்றாவது என்று அவளே கண்டுபிடித்தாள். இரவு படுத்த பிறகு பக்கத்து அறைச் சுவரில் ஐந்து தட்டு, இரண்டு தட்டு. பிறகு ஒன்று, இரண்டு. விரலில் எண்ணிப் பார்த்தேன். ‘வா’ என்கிறாள். எழுந்து போனேன்.