ஆஃப்ரோடு வண்டி: புதுசா, செகண்ட் ஹேண்டா?

கேள்வி: நண்பர்களுடைய வண்டியில் மலைப்பாதை, ஆற்றுப்படுகை என்று மாதம் ஒன்றிரண்டு முறை போய்ப் பழகிவிட்டேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு புது சுசுகி ஜிம்னி வாங்கலாம். அல்லது, பன்னிரண்டு வருடம் ஓடிய ஜீப் ரேங்லர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் சஸ்பென்ஷன் மாற்றம்), பெரிய டயர், வின்ச் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) எல்லாம் போட்டுத் தயாராக இருக்கிறது. வீட்டில் புதுசு வாங்கினால்தான் நிம்மதி என்கிறார்கள். நண்பர்கள் ரேங்லரை விடாதே என்கிறார்கள். வேலைக்குப் போக எனக்கு வேறு கார் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, வேலைக்குப் போக வேறு கார் இருக்கிறது என்று, அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. அது மட்டும் இல்லையென்றால், யோசிக்காமல் புதுசையே வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பாறையில் எதையாவது உடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வழியில்லாமல் நிற்பது பெரிய வேதனை. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் செகண்ட் ஹேண்ட் வாங்குங்கள். ஆனால் அந்த ரேங்லர் வேண்டாம்.

முதலில் ஏன் பழசு என்று சொல்கிறேன். காட்டுப்பாதையில் ஓடுகிற வண்டி அடிபட்டே தீரும். கிளை உரசும், கல் இடிக்கும், அடிப்பாகம் பாறையில் தேயும். புது வண்டியின் மதிப்பு முதல் சில வருடங்களில்தான் வேகமாக இறங்குகிறது. அந்த இறக்கத்தோடு இந்த அடிகளும் சேர்ந்தால் விற்கும்போது மனது வலிக்கும். வாரன்ட்டி இருக்கிறதே என்று வீட்டில் சொல்வார்கள். வாரன்ட்டி தயாரிப்புக் குறைக்குத்தான். பாறையில் நசுங்கியதற்கும், தண்ணீரில் இறக்கி எஞ்சின் போனதற்கும் பொதுவாக அது கைகொடுக்காது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பகுதியை ஒருமுறை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. புது வண்டியில் இருப்பவர் பெயின்ட்டைக் காப்பாற்ற ஓட்டுவார். நான் முதலில் வாங்கியது புது வண்டிதான். ஒரு குறுகலான பாதையில் இடது பக்கம் முள்செடி. கீறல் விழக்கூடாது என்று வலது பக்கம் ஒதுங்கினேன். அங்கே ஓரத்து மண் இளகியிருந்தது. வலது சக்கரங்கள் இரண்டும் இறங்கி, வண்டி அப்படியே சரிந்து ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் இருந்த நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மரம் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். டயருக்கு எங்கே பிடிமானம் இருக்கிறதோ அங்கேதான் சக்கரத்தை வைக்க வேண்டும். அப்படி வைக்க மனசு வர, கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய வண்டி வேண்டும்.

அதற்காக ஜிம்னியைக் குறைத்துச் சொல்லவில்லை. 2018-இல் வந்த இந்த மாடலிலும் லேடர் சேஸிஸ் (ஏணி போன்ற இரும்புச் சட்டம்), முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்க்கும் ஒரே அச்சு), லோ ரேஞ்ச் (மெதுவாக, ஆனால் அதிக விசையோடு போக உதவும் கியர்) எல்லாம் இருக்கின்றன. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, 210 மில்லிமீட்டர். எடை 1,100 முதல் 1,200 கிலோ வரைதான் என்பதால், கனமான வண்டிகள் புதைகிற மணலில் இது மேலோடு போய்விடும். வீட்டில் புதுசுதான் என்று உறுதியாக நின்றால் வாங்குங்கள், தப்பே இல்லை. முதல் வருடம் நல்ல டயரைத் தவிர எதையும் மாற்றாதீர்கள்.

சரி, அந்த ரேங்லருக்கு வருவோம். மாடிஃபை செய்த வண்டியைப் பார்த்தால் எல்லாம் ஏற்கெனவே செலவு செய்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. பெரிய டயர் போட்டு, அதற்கேற்ப ஆக்ஸிலில் கியர் விகிதத்தை மாற்றவில்லை என்றால் எஞ்சின், கிளட்ச், ஆக்ஸில் ஷாஃப்ட், பிரேக் எல்லாவற்றுக்கும் கூடுதல் பாரம். ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். லிஃப்ட் போட்டால், ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடுகிறது, அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் தேய்கிறது. பிரேக் ஹோஸ் இழுபடுகிறது. முன்னால் ரிஜிட் ஆக்ஸில் உள்ள வண்டிகளில் இணைப்புகளில் இருக்கும் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் தேய்ந்திருந்தால், வேகமாகப் போகும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் ஏறி இறங்கினாலே ஸ்டியரிங் பயங்கரமாக உதற ஆரம்பிக்கும். 'டெத் வாபிள்' என்று அதைச் சொல்வார்கள். அரைகுறையாகப் போட்ட லிஃப்ட் அதை இன்னும் மோசமாக்கும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் வண்டி வாங்கும் ஒருவரால் ஒழுங்காகச் செய்ததையும் அரைகுறையாகச் செய்ததையும் பார்த்த உடனே பிரித்தறிய முடியாது.

ரேங்லர்தான் ஆசை என்றால் அதிலேயே ரூபிகான் என்ற வகையை, கம்பெனியில் வந்தபடியே இருப்பதாகத் தேடுங்கள். 2003 மாடலிலிருந்து அது வருகிறது. முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலிலும் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் கியர் அமைப்பு) லாக்கர், வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்கும் 4:1 லோ ரேஞ்ச் எல்லாம் கம்பெனியே கொடுத்தது, ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்தது. லாக்கர் ஏன் முக்கியம் என்றால், சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் அதுதான் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரத்துக்கு வேலை செய்யும் அளவுக்கு விசை போகாது. லாக்கர் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும்.

எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும் கீழே படுத்துப் பாருங்கள். சேஸிஸில் மேலோடு படிந்த துருவுக்குப் பயப்பட வேண்டாம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மொத்தென்று மாறினாலோ, ஏடு ஏடாக உதிர்ந்தாலோ அங்கே இரும்பு போய்விட்டது. அடிப்பாகம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் பளபளத்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். அடிப்பாகத்தைக் காக்கும் ஸ்கிட் பிளேட்டில் கீறலும் நசுங்கலும் இருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். சேஸிஸிலேயே பள்ளம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்தில் வளைவு, ஸ்டியரிங் பாக்ஸ் அருகே புதிதாக வெல்டிங் வைத்த தடம், இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விலையைக் குறைத்துக் கேட்கக்கூட வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் துடைக்க மாட்டார்கள், சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும்.

எஞ்சினைச் சூடாக்கி வைக்காமல் குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. லோ ரேஞ்சில் போட்டு முன்னும் பின்னும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் அந்த லிவரைத் தொடாமலே ஓட்டியவர்கள் நிறைய. இதை மண்தரையில் செய்யுங்கள். பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டியை (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போவது) காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் போட்டுத் திருப்பினால் முன்னும் பின்னும் இறுகிக்கொண்டு கியரைக் கெடுக்கும். டயர் பக்கவாட்டில் இருக்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருந்தால் புது டயரின் விலையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், முன்னும் பின்னும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் என எல்லா ஆயிலும் மாற்ற வேண்டும். டயர் வேண்டும். வண்டியை இழுக்க உறுதியான கொக்கி, நல்ல பட்டை, ஒரு காற்று கம்ப்ரெஸர், காற்று அளக்கும் கேஜ் வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் பட்டையை மாட்டிப் புதைந்த வண்டியை எப்போதும் இழுக்காதீர்கள். அது உடைந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். டயர் காற்றை ரோட்டில் இருக்கும் 32, 35 psi-லிருந்து பாதையில் 20 psi அளவுக்கு இறக்கினாலே, உங்கள் நண்பர்கள் சொல்கிற லிஃப்ட்டைவிட அதிகப் பலன் தெரியும். ரோட்டுக்குத் திரும்பும் முன் மறுபடி நிரப்பிவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த ரேங்லர் பக்கமே மனசு இழுத்தால் போய்ப் பாருங்கள். லிஃப்ட் யார் போட்டது, கியர் விகிதம் மாற்றியதா, கழற்றிய பழைய சாமான்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இதில் ஒன்றுக்குப் பதில் சொல்லத் தடுமாறினாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஜிம்னியின் முந்தைய தலைமுறை 1998 முதல் 2018 வரை வந்தது. அதே லேடர் சேஸிஸ், அதே லோ ரேஞ்ச். நானாக இருந்தால் அங்கிருந்துதான் தேட ஆரம்பிப்பேன். பட்டனை அழுத்தி ஃபோர் வீலுக்கு மாற்றும் வண்டியாக இருந்தால், முன்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்புக்குப் போகும் வேக்யூம் குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் முன்சக்கரம் இணையாமல் போகலாம்.