டான்சில் புற்றுநோய்க்கு என்னென்ன சிகிச்சைகள் உண்டு?

டான்சில் என்பது தொண்டையின் இரு பக்கமும் இருக்கும் சதைத் திரட்சி. அதன் மேற்பரப்பு செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் பெரும்பாலான டான்சில் புற்றுநோய். புகையிலை, மது, எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸ் ஆகியவை முக்கியக் காரணங்கள். எச்பிவியால் வந்தது சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும்.

கட்டி சிறிதாக இருந்தால் அறுவை சிகிச்சை அல்லது கதிர்வீச்சு, ஏதாவது ஒன்றே பல நேரம் போதும். இப்போதெல்லாம் ரோபோ கருவியை வாய் வழியாகவே செலுத்திக் கட்டியை எடுத்துவிட முடிகிறது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குத்தான் (நெறிக்கட்டிகள்) பரவும். அதனால் அவற்றையும் அகற்றுவது வழக்கம்.

பெரிதாகிவிட்டால்? பொதுவாகக் கதிர்வீச்சும் கீமோவும் (புற்றுசெல்களை அழிக்கும் மருந்து) சேர்த்து. வாரம் 5 நாள் வீதம் சுமார் 7 வாரம் கதிர்வீச்சு, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. ஏன் இரண்டும்? அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைத்துத் தேய்த்தால் கறை சீக்கிரம் விடும் அல்லவா, அதுபோல மருந்து புற்றுசெல்களை இளக்கிக் கொடுக்கிறது, கதிர் எளிதாக அழிக்கிறது. உடலின் வேறு பாகங்களுக்குப் பரவியிருந்தால் இம்யூனோதெரபியும் (உடலின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோயோடு போராட வைக்கும் சிகிச்சை) உண்டு.

சிகிச்சையின் பக்கவிளைவாக வாய் உலர்வது, விழுங்கச் சிரமம், ருசி மங்குவது எல்லாம் வரலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கதிர்வீச்சுக்கு முன்பே பல் மருத்துவரைப் பாருங்கள். பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறுவது கடினம்.

அப்புறம், சிறுவயதிலேயே டான்சிலை எடுத்தவருக்கு இது வரவே வராது என்பது சரியல்ல. மிச்சமிருக்கும் திசுவிலும் அரிதாக வரலாம்.