மறியலில் இருப்பவருக்கு வெளியிலிருந்து என்ன செய்யலாம்? திருகோணமலை உறவுகளின் கேள்விகளுக்குப் பதில்

சிறைச்சாலை நலன்புரி வேலையில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்ற, திருகோணமலையைச் சேர்ந்த ஒருவர் இங்கே பதில் சொல்கிறார்.

தொடங்குமுன் அவர் சொன்னது: "பெயர், வழக்கு இலக்கம் எதையும் எழுத வேண்டாம். நான் சட்டத்தரணி இல்லை. எந்தக் கதவை எப்போது தட்டலாம் என்று சொல்லலாம், தட்ட வேண்டியது நீங்கள்தான்."

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி: சேர், என் மாப்பிள்ளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் மண் ஏற்றினார் என்று தண்டம் போட்டார்கள். கட்ட வழியில்லாமல் உள்ளே போய்விட்டார். மூன்று பிள்ளைகள். நாட்கள் முடியும்வரை பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டுமா?

இல்லை தங்கச்சி. உங்கள் கணவருக்கு நீதவான் கொடுத்த தண்டனை காசுதான். அந்தக் காசைக் கட்டாததற்குத்தான் மறியல். ஆகவே இடையில் எந்த நாளும் கட்டி வெளியே எடுக்கலாம். முழுத்தொகையும் தேவைப்படாது, அவர் உள்ளே கழித்த நாட்களுக்கான பங்கு கழிந்து மிச்சம்தான் வரும். இன்றைக்கு எவ்வளவு நிற்கிறது என்று சிறைச்சாலை அலுவலகத்தில் கேளுங்கள். தெரியாமல் முழுத்தொகைக்கும் வட்டிக்கு வாங்கிக்கொண்டு ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவில் தண்டம் கட்ட அவகாசம் கொடுக்கலாம், தவணையாகக் கட்டவும் விடலாம் என்று இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டும். தீர்ப்புச் சொல்லும் அந்தச் சில நிமிடத்தில் கூண்டில் நிற்கிறவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார், வீட்டு ஆட்கள் வெளியே மரத்தடியில் நிற்பார்கள். யாரும் கேட்பதில்லை. "ஐயா, தவணைக்குத் தாருங்கள்" என்று கூண்டில் நிற்பவரே கேட்கலாம், சட்டத்தரணி கட்டாயமில்லை.

இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சிறைக்குப் பதிலாக சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை போடலாம். வீட்டில் இருந்துகொண்டே, சொன்ன மணித்தியாலங்களுக்குப் பொதுவேலை செய்து முடிக்க வேண்டும். பாடசாலை வளவு துப்புரவு, வைத்தியசாலைத் தோட்டம் இப்படி. கூலிவேலைக்கும் போகலாம், பிள்ளைகளுக்கும் சோறு கிடைக்கும்.

என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் வருடா வருடம் தண்டனை பெற்றுச் சிறைக்குள் போகிறவர்களில் பெரும்பங்கினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள். அவர்களுக்குச் சாப்பாடு, காவல், நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் பஸ் என்று அரசாங்கம் செலவழிக்கிறது. வரவேண்டிய தண்டமும் வராமல், கையில் இருந்ததையும் கொட்டுவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நோன்பு காலத்திலும் வெசாக்கிலும் வசதியுள்ளவர்கள் சிலர் இப்படிப்பட்டவர்களின் தண்டத்தைக் கட்டி எடுத்துவிடுவது உண்டு. உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தம்பலகாமம்: தம்பிக்குப் பிணை கிடைத்து மாதக்கணக்காகிறது. இரண்டு சரீரப் பிணையாளிகள், அதாவது அவருக்காகப் பொறுப்பேற்று ஒப்பமிடுபவர்கள், கேட்கிறார்கள். எங்களுக்கு யாரும் ஒப்பமிட வரமாட்டேன் என்கிறார்கள்.

பிணை கிடைத்தும் உள்ளே இருப்பவர்களின் கதை வெளியே யாருக்கும் தெரிவதில்லை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்று சொல்கிறது. கொடுத்த பிணை எட்டாத உயரத்தில் இருந்தால், நிபந்தனையை மாற்றச் சொல்லி அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு பிணையாளியாகக் குறைக்கலாம், காசுப் பிணையின் தொகையைக் குறைக்கலாம், சந்தேகநபரின் சொந்தப் பிணையிலேயே விடலாம். மேல் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, திருகோணமலையிலும் அதன் அலுவலகம் உண்டு. 1978இலிருந்து நடக்கிற அமைப்பு. வருமானம் குறைவு என்று காட்ட கிராம சேவகரின் கடிதத்தோடு போங்கள். பிணையாளியாக வருகிறவர் வதிவிடச் சான்றிதழில் கிராம சேவகர், பிரதேச செயலாளர் இருவரின் ஒப்பமும் எடுத்து வைத்திருந்தால் நீதிமன்றத்தில் அலையத் தேவையிராது.

இன்னொன்று. தீர்ப்பு வராமலே 12 மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருப்பவரை, பிணைச் சட்டத்துக்கு உட்பட்ட வழக்காக இருந்தால், பிணையில் விட வேண்டும். சட்டமா அதிபர் கேட்டு மேல் நீதிமன்றம் நீடித்தால் மட்டும்தான் வேறு. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகள் இதற்குள் வராது. ஹெரோயின், ஐஸ் எனும் போதைப்பொருள் ஆகியவற்றின் கடத்தல் வழக்குகளுக்கும் தனி விதி: நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அளவு கூடினால் மேன்முறையீட்டு நீதிமன்றம்.

நிலாவெளி: உள்ளே உண்மையில் எப்படி இருக்கும் ஐயா? அண்ணா கேட்டால் ஒன்றும் சொல்கிறார் இல்லை.

சொல்லமாட்டார். வீட்டில் அம்மா அழுவார் என்று தெரியும்.

இலங்கைச் சிறைகளின் அடிப்படைப் பிரச்சினை நெருக்கடி. கட்டியபோது எண்ணிய ஆட்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறார்கள், அவர்களிலும் பெரும்பான்மை விளக்கமறியல்காரர்கள், அதாவது இன்னும் குற்றவாளி என்று யாரும் சொல்லாதவர்கள். மற்றக் கஷ்டமெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. நெருக்கமான மண்டபத்தில் ஆட்கள் தரையில் பாயோ துணியோ விரித்து, ஒருவர் திரும்பினால் பக்கத்தில் உள்ளவரும் திரும்ப வேண்டும் என்கிற அளவில் படுப்பார்கள். புதிதாக வருகிறவருக்குக் கழிப்பறைப் பக்கம்தான் இடம். நல்ல இடத்துக்குப் பழைய ஆட்கள் விலை வைப்பதும் உண்டு. காலையில் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் வரிசை. ஏப்ரல், மே வெக்கையில் திருகோணமலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதைக் காற்று வராத ஒரு மண்டபத்துக்குள் நினைத்துப் பாருங்கள். சொறி சிரங்கு ஒருவருக்கு வந்தால் கிழமைக்குள் வரிசை முழுக்கப் பரவும். காசநோய்தான் பெரிய பயம்.

வெலிக்கடைச் சிறைச்சாலைச் சுவரில் "சிறைக்கைதிகளும் மனிதர்களே" என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நல்ல வசனம். எங்கள் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877ஆம் ஆண்டுக்குரியது, இடையில் திருத்தங்கள் வந்தாலும் எலும்புக்கூடு அதேதான். ஐக்கிய நாடுகள் சபை 2015 டிசம்பரில் நெல்சன் மண்டேலா விதிகளை ஏற்றுக்கொண்டது. மண்டேலா 27 வருடம் உள்ளே இருந்தவர், அதனால்தான் அந்தப் பெயர். அதில் 122 விதிகள். தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது, வெளியில் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் வைத்தியம் கிடைக்க வேண்டும், இப்படி. கைதிக்குத் தண்டனை என்பது சுதந்திரத்தை இழப்பது மட்டும்தான், அதற்கு மேலே கொசு, நாற்றம், அடி எல்லாம் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை.

உங்கள் அண்ணாவுக்கு நீங்கள் செய்யக்கூடியது: இரண்டு சாரம், துவாய், சவர்க்காரம், பற்பசை, சொறிக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. எதை உள்ளே எடுப்பார்கள் என்று வாசலில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

அலஸ்தோட்டம்: வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா?

விளக்கமறியலில் உள்ளவருக்குக் கொடுக்கலாம், தண்டனைக் கைதிக்கு முடியாது. நேரம், முறை இடைக்கிடை மாறும். யாராவது "இந்தப் பார்சலையும் சேர்த்துக் குடுத்துவிடு" என்று தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். சோற்றுக்குள் போதைத் தூளோ சிம் அட்டையோ பிடிபட்டால் கொண்டுபோன நீங்களும் உள்ளேதான்.

மூதூர்: வாப்பாவுக்கு சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் இருக்கிறது. மருந்து ஒழுங்காகக் கொடுப்பார்களா?

கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். இதைவிடப் பெரிய உதவி இல்லை. பல வீடுகளில் கொப்பி அலுமாரியில் இருக்கும், உள்ளே இருப்பவர் "வெள்ளைக் குளிசை, காலையில் பாதி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கொப்பியின் போட்டோப் பிரதியை நலன்புரி உத்தியோகத்தரிடமோ ஜெயிலரிடமோ கொடுத்து, வைத்தியரின் பார்வைக்கு என்று எழுதி, நீங்கள் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கடுமையானால் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். அதற்குக் காவலர், வாகனம் இரண்டும் வேண்டும், அங்கேதான் தாமதம். மருந்து கிடைக்கவில்லை என்றால் அடுத்த வழக்குத் தவணையில் சட்டத்தரணி மூலம் நீதவானிடம் சொல்லுங்கள். நீதவான் கட்டளை போட்டால் வாகனம் வரும்.

பெயர் வேண்டாம்: உள்ளே அடித்திருக்கிறார்கள். காதில் இரத்தம். முறைப்பாடு செய்தால் இன்னும் அடிப்பார்கள் என்று பயப்படுகிறார்.

அந்தப் பயம் நியாயமானது, அதை வெறும் பயம் என்று தள்ள மாட்டேன். ஆனால் காயம் ஆறிவிட்டால் சாட்சியும் போய்விடும். எனவே முதலில் காயம் பதிவாக வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி நீதவானிடம் கேட்கலாம். தவணைக்கு நேரில் கொண்டுவந்தால் கூண்டில் இருந்தே சொல்லச் சொல்லுங்கள். இப்போது காணொளி மூலம் தவணை போடுகிறார்கள், அப்போது பக்கத்தில் அதிகாரி நிற்பார், வாய் திறக்க முடியாது. அதனால் சட்டத்தரணி நேரில் ஆஜராகி, ஆளைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது முக்கியம்.

அப்புறம் மனித உரிமைகள் ஆணைக்குழு. திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் உண்டு, அவசர அழைப்பு 1996. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில், தடுத்து வைக்கப்பட்டவர்களின் நலனைக் கண்காணிக்கும் அதிகாரம் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இலங்கை 2017 டிசம்பரில் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் விருப்ப நெறிமுறையிலும், அதாவது தடுப்பிடங்களுக்குள் போய்ப் பார்க்க வழிசெய்யும் உடன்படிக்கையிலும், சேர்ந்தது. ஆணைக்குழுவினர் உள்ளே போய்ப் பார்த்தார்கள் என்பதே சில நேரம் அடுத்த அடியைத் தடுக்கும்.

நாள் கணக்கைக் கவனியுங்கள். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடை செய்கிறது, அது மீறப்பட்டால் 126இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது 7 வருடம் சிறை. ஆனால் அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலர்தான்.

சாம்பல்தீவு, பல்கலைக்கழக மாணவர்: சிறைக்குள் கொலைகள் நடந்ததை வீட்டில் கேள்விப்பட்டிருக்கிறேன். அது பழைய கதையா?

1983 ஜூலை 25, 27 இரண்டு நாளும் வெலிக்கடையில் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டார்கள். அரசின் பூட்டுக்குள், அரசின் காவலில். பழைய கதை என்று மூடவும் முடியாது தம்பி. 2012 நவம்பரில் அதே வெலிக்கடையில் 27 பேர், 2020 நவம்பரில் கொரோனாப் பயத்தில் கலவரமான மஹரச் சிறையில் 11 பேர். பின்னைய இரண்டிலும் பெரும்பாலும் சிங்களக் கைதிகள். சுவருக்குப் பின்னால் கேட்பாரில்லை என்றால் இனம் பார்த்தும் சாவு வரும், பார்க்காமலும் வரும். எங்கள் ஊரிலும் கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பு அறைகள் இருந்ததை 2015 நவம்பரில் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு நேரில் வந்து பார்த்துச் சொன்னது. பதிவில்லாத இடத்தில் ஆளை வைத்தால் நலன்புரி உத்தியோகத்தருக்கும் வேலையில்லை, நீதவானுக்கும் வேலையில்லை.

உப்புவெளி: கள்ளனுக்கும் தூள் விற்றவனுக்கும் எங்கள் வரிப்பணத்தில் ஏன் இவ்வளவு பரிவு?

அவர்களில் அநேகர் ஒருநாள் வெளியே வந்து உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கப் போகிறார்கள். எப்படிப்பட்ட ஆளாக வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதற்குத்தான் அந்தக் காசு.

சீனக்குடா, ஒரு அம்மா: மகன் ஐஸ் பாவிக்கிறான். பொலிசில் பிடித்துக்கொடுத்தால் புனர்வாழ்வுக்கு அனுப்புவார்களா?

அம்மா, அந்த எண்ணத்தை விடுங்கள். ஐஸ், போதைப்பொருள் சட்டத்தின் 2022 திருத்தத்தோடு கடுமையான பட்டியலில் சேர்ந்துவிட்டது. வீட்டில் நீங்கள் பாவனை என்று நினைப்பது, பொலிஸ் அறிக்கையில் வைத்திருந்தது, விற்றது என்று மாறலாம். அரச பகுப்பாய்வாளர் அறிக்கை வரும்வரை விளக்கமறியலில் விற்பனைக்காரரோடு படுப்பான், போகும்போது இல்லாத பழக்கங்களோடு வருவான். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்பது உண்மை. ஆனால் கந்தகாடு போன்ற புனர்வாழ்வு நிலையங்கள் வைத்தியசாலை போல நடப்பவை அல்ல. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் வேலி பாய்ந்து ஓடியது நினைவிருக்கும். முதலில் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்கலாம்.

வெருகல்: அடுத்த மாதம் அப்பா விடுதலை. என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

உள்ளே தச்சு, மேசன், பேக்கரி ஏதாவது பழகி என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்திருந்தால் அதைக் கையோடு வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பிறகு வாங்குவது பெரிய அலைச்சல். அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம சேவகரிடம் இப்போதே போங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பொலிஸ் சான்றிதழில் பழைய தண்டனை வரும், ஏஜென்சிக்காரன் "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் காசு கொடுக்காதீர்கள். உள்ளூரில் தெரிந்த மேசன் பாஸ் ஒருவரிடம் முதல் மாத வேலைக்கு முன்கூட்டியே பேசி வைப்பதுதான் எனக்குத் தெரிந்து பலித்த வழி.

விடுதலை நாளில் வாசலுக்கு ஒருவர் போங்கள். அவரோடு வழக்கில் இருந்த பழைய கூட்டாளிகள் ஓட்டோவோடு வந்து நிற்பார்கள், அவர்களுக்கு முன்னால் நீங்கள் நிற்க வேண்டும்.